படிச்சும் தோட்டத்துக்குத்தானா?

போன சனிக்கிழமை சாயங்காலம் பின்வரிசை வீட்டு அண்ணன் கைப்பேசியைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். அன்றைக்குக் காலையிலிருந்து குலை வெட்டிய களைப்பு முகத்தில் இருந்தது, குளித்திருந்தாலும் கழுத்தோரம் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) கறை போகவில்லை. "தங்கச்சி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரு, தம்பிக்கு வந்திருக்கு" என்று நீட்டினார். யுனிவர்சிட்டி புத்ரா மலேசியா, செர்டாங். பச்செலர் சயின்ஸ் பெர்த்தானியான். நான் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். நான் படித்த அதே படிப்பு, அதே இடம்.

அவர் சிரிக்கவில்லை.

"விவசாயம்னு போட்டிருக்கே தங்கச்சி. தோட்டத்தை விட்டு வெளியாகணும்னுதானே இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சோம். படிச்சும் தோட்டத்துக்குத்தானா?" என்றார். வேண்டாம் என்று எழுதிவிட்டு, கடன் எடுத்தாவது ஏதாவது தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். தம்பி என்று அவர் சொன்ன அவர் மகன், கேட்டுக்கு வெளியே மோட்டாரில் உட்கார்ந்தபடி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஹேண்டலைத் திருகிக்கொண்டிருந்தான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை 2003-இல் எங்கள் அப்பா சொன்னார். அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினவர். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்து எனக்கு செர்டாங்கில் இடம் கிடைத்தபோது, கடிதத்தை மடித்து சாமி மேடையில் வைத்தார், வைத்துவிட்டுத் திரும்பி, "இதுக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். பள்ளியில் எங்களுக்கு வழிகாட்டிய ஆசிரியரும் பொம்பளைப் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் சரி, வயல்காட்டு வேலை எதற்கு என்றுதான் சொன்னார். ஜோகூரில் எங்கள் குளுவாங்கைச் சுற்றி இருக்கிற தோட்டங்களிலிருந்து வந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்தக் கதை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். டாக்டர், வக்கீல் என்றால் புரியும். இன்ஜினியர் என்றாலும் சரி. தமிழ் படிக்கிறான் என்றால் மலாயாப் பல்கலைக்கழகம், இந்திய ஆய்வியல் துறை, 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு என்று பெருமையாகப் பேச ஆள் உண்டு. விவசாயம் என்றால் மட்டும் முகம் விழுந்துவிடும். மூன்று தலைமுறை முதுகு வளைந்த இடத்துக்குப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதாக மனசு எடுத்துக்கொள்கிறது. அந்த வலியை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அது நியாயமான வலிதான். ஆனால் அந்த வலியால் நாம் ஒரு பெரிய கதவை நாமே இழுத்துச் சாத்திக்கொண்டிருக்கிறோம், அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அண்ணனுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, தம்பியையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, முதலில் அந்த இடம் என்ன இடம் என்று சொன்னேன்.

கோலாலம்பூருக்குத் தெற்கே, பட்டணம் முடிந்து காஜாங் போகிற வழியில் இருக்கிறது செர்டாங். அங்கே 1931-இல் வெள்ளைக்காரன் 22 ஏக்கரில் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கினான். எங்கே பார்த்தாலும் ரப்பர் தோட்டமாக இருந்த காலம், ஆனால் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்து தோட்டங்களில் நம் ஆட்களைக் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலமும் அதுதான். நம் கொள்ளுத்தாத்தாக்கள் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தையும் பயிரையும் எப்படி நடத்துவது என்று படித்துக்கொடுக்க இந்த நாட்டில் ஒரு பள்ளி இருந்திருக்கிறது, நமக்குத்தான் அது தெரியாது. 1947-இல் அது கல்லூரி ஆனது. 1971 அக்டோபர் 4-ஆம் தேதி, மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயத் துறையோடு சேர்த்து யுனிவர்சிட்டி பெர்த்தானியான் மலேசியா ஆனது. விவசாயம், காடு, கால்நடை மருத்துவம் என்று மூன்றே துறைகளோடு 1973-இல் வகுப்பு ஆரம்பித்தார்கள். 1997-இல் பெர்த்தானியானை எடுத்துவிட்டுப் புத்ரா என்று வைத்தார்கள், துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் நினைவாக. நல்லவேளை, இரண்டு பெயருக்கும் யூபிஎம் என்ற சுருக்கம் அப்படியே பொருந்திப் போனது. இன்றைக்கு அங்கே மருத்துவம் இருக்கிறது, இன்ஜினியரிங் இருக்கிறது, கம்ப்யூட்டரும் இருக்கிறது. 22 ஏக்கர் இப்போது ஏறக்குறைய 1,100 ஹெக்டர். அண்ணனுக்கு ஹெக்டர் கணக்கு உடனே பிடிபட்டது. "ஒரு பெரிய டிவிஷன் தோட்டமே உள்ளே போயிடுமே" என்றார்.

போயிடுமே இல்லை அண்ணே, உள்ளே தோட்டமே இருக்கிறது என்றேன். இது நான் முதல் நாள் கண்ட விஷயம். அப்போதெல்லாம் குளுவாங்கில் பஸ் ஏறினால் புடுராயாவில்தான் இறங்க வேண்டும், அங்கிருந்து கொம்யூட்டர் ரயில் பிடித்து செர்டாங் வர வேண்டும். ஒரு பெட்டி, ஒரு வாளி, அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய் பாட்டில். பல்கலைக்கழகம் என்றால் நான்கு மாடிக் கட்டடங்களும் கண்ணாடிக் கதவுகளும் மட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வளாகத்துக்குள் போகப் போக, ஒரு பக்கம் மாடுகள் மேய்கின்றன, ஒரு பக்கம் செம்பனை வரிசை, சாலையோரப் பலகையில் லாடாங் 2, லாடாங் 10, லாடாங் 15 என்று எழுதியிருக்கிறது. எனக்கு நெஞ்சு அடைத்தது. லாடாங் என்றால் மலாயில் தோட்டம், எங்கள் தோட்டத்துப் பெயர்ப்பலகையிலும் முதல் வார்த்தை அதுதான். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை முகவரியில் எழுதும்போது கொஞ்சம் கூச்சப்பட்டு எழுதிய பிள்ளை நான். குளுவாங் பட்டணத்துப் பள்ளியில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் 'டவுனுக்குப் பக்கத்துல' என்று மழுப்புவேன். இங்கே என்னடா என்றால், பேராசிரியர்கள் அதே வார்த்தையைச் சொல்லி, "காலை ஏழரைக்கு லாடாங்கில் வந்து நில்லுங்கள், பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்கிறார்கள்.

முதல் செமஸ்டர் எனக்கு நல்லபடியாகப் போகவில்லை. வேதியியலில் தடுமாறினேன், ஆங்கிலத்தில் இருந்த பாடப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தேன், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். விடுதி அறையில் என்னோடு இருந்த கிளந்தான் பெண் காட்டியல் துறை, அவள்தான் மலாயில் சொல்லிச் சொல்லிப் புரிய வைப்பாள். அவர்களுக்குப் பூச்சோங்கில் ஆயர் ஹீத்தாம் என்று ஒரு காடே இருக்கிறது (நம்ம ஜோகூர் ஆயர் ஹீத்தாம் இல்லை), சிலாங்கூர் அரசு 1996-இல் 80 வருஷக் குத்தகைக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்த காடு. சுற்றிலும் குடியிருப்புத் தாமான்களும் கடைவீதிகளும் வந்துவிட்ட பிறகும், நடுவில் அந்தக் காடு மாணவர்கள் மரம் எண்ணுவதற்காக நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் போய் அட்டை கடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சரி, நான் சொல்ல வந்தது இரண்டாம் ஆண்டில் நடந்த ஒன்று. இதை அண்ணனிடம் சொல்லும்போதும் எனக்குக் குரல் கொஞ்சம் கம்மியது.

தோட்டப் பயிர் வகுப்பு. விரிவுரையாளர் அன்று காலை லாடாங்கிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த செம்பனைப் பெண்பூ ஒன்றை மேசைமேல் வைத்தார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அது பூ மாதிரியே இருக்காது. தேங்காய் அளவுக்கு முள் முள்ளாக ஒரு கொத்து, ஒவ்வொரு முள்ளுக்கும் நடுவில் பொடிப்பொடியாக வெளிர் மஞ்சளில் மூன்று இதழ் விரித்த மாதிரி சூல்முடிகள். அந்த நிறத்தில் இருக்கும்போதுதான் அது மகரந்தம் வாங்கும், இரண்டு மூன்று நாளில் சிவந்து கறுத்துவிட்டால் வேளை முடிந்தது. அந்தக் கொத்து வரிசையாகக் கை மாறி என்னிடம் வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சோம்பு வாசனை.

எனக்கு ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அது எங்கள் பாட்டியின் வாசனை. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் வெற்றிலைப் பையின் வாசனை என்றுதான் சின்ன வயசில் நினைத்துக்கொண்டிருந்தேன், பாட்டிதான் ஒருமுறை, "இல்லடி, இது பூவு வாசனை, கொண்டைப் பூ போட்ட காலத்துலேர்ந்து மூக்குலயே நிக்குது" என்றாள்.

பாட்டி 1970-களில் செய்த வேலை அது. அந்தக் காலத்தில் நம் நாட்டுச் செம்பனைக்குத் தானாகக் காய் பிடிப்பது போதாது. ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அதனால் பொம்பளை ஆட்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். விடிகாலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டு முடிந்ததும் ஆண்பூவில் சேர்த்த மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து கொடுப்பார்களாம். ஊதுகிற ரப்பர் குமிழ் வைத்த சின்னப் புட்டி ஒன்று. இளம் மரத்தின் மட்டை இடுக்கில் கையை விட்டு, பூவை மூடியிருக்கும் பாளையை விலக்கி, எந்தப் பூ தயாராக இருக்கிறது என்று பார்த்து இரண்டு ஊது ஊத வேண்டும். சில மரங்களில் பூ உள்ளே மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அப்போது மூக்குதான். "சோம்பு வாசம் அடிச்சா ஊது, அடிக்கலைன்னா நாளன்னைக்கு வா", இது பாட்டி தன்னோடு வேலைக்கு வந்த சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதே வரிசைக்குத் திரும்பி வர வேண்டும். முழங்கை வரைக்கும் முள் கிழித்த தழும்பு அவளுக்குக் கடைசி வரை இருந்தது.

நான் கையைத் தூக்கி, எனக்குத் தெரிந்த மலாயில், எங்கள் பாட்டி இந்த வேலை செய்தாள், இந்த வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள் என்று சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. விரிவுரையாளர் என்னை முன்னே கூப்பிட்டு நிற்க வைத்து, முழுதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் திரும்பி வெண்பலகையில் எஸ்ட்ரகோல் என்று எழுதினார். பூவிலிருந்து வரும் அந்த வாசனைக்குக் காரணமான பொருள் அது, சோம்பிலும் இருக்கிறது. ஆண்பூவிலும் பெண்பூவிலும் அந்த வாசனை வருவதால்தான் ஒரு சின்னக் கூன்வண்டு ஆண்பூவில் விளையாடிவிட்டு, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு ஏமாந்து பெண்பூவுக்கும் போய் வருகிறது. மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், அரிசியில் பாதி. கேமரூனில் செம்பனைக்குத் தூவுவதற்கு ஆள் வைக்காமலேயே காய் பிடிப்பதைக் கவனித்து, அங்கே அந்த வண்டைப் படித்து, நம் மரத்தைத் தவிர வேறு பயிரைத் தொடுமா என்று சோதித்துப் பார்த்து, 1981-இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். தீபகற்பத்தில் முதலில் எங்கே விட்டார்கள் தெரியுமா என்று விரிவுரையாளர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "குளுவாங்" என்றார், என்னைப் பார்த்து.

அன்று இரவு விடுதிக்குக் கீழே இருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டு வீட்டுக்குக் கூப்பிட்டு, பாட்டியிடம் கொடுக்கச் சொன்னேன். வண்டு கதையைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஓ, அந்த வண்டுதானா. அது வந்துதான்டி எங்களுக்குப் பூ வேலை போச்சு. அதுக்கப்புறம் உதிரிப் பழம் பொறுக்கப் போட்டாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாற்பது வயசில் ஏன் என்று யாரும் சொல்லாமல் ஒரு வேலை நின்று போனதற்கு, இருபத்து சொச்சம் வருஷம் கழித்துக் காரணம் கேட்ட நிம்மதி மாதிரி இருந்தது அந்தக் குரல். பிறகு கேட்டாள்: "அந்த வாசத்துக்கு இங்கிலீசுல பேர் வெச்சிருக்கானா?"

இதை நான் யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு எப்போது, எப்படி, எந்தப் பூ என்பது முழுக்கத் தெரியும். ஏன் என்பது மட்டும் தெரியாது, யாரும் சொல்லவில்லை. அந்த ஏன் என்பதைக் கற்றுக்கொடுக்கிற இடம்தான் செர்டாங். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்று 2006-இல் அரசாங்கம் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு அந்தஸ்து கொடுத்தபோது அதில் யூபிஎம் ஒன்று, நான் அப்போது அங்கேதான் இருந்தேன், எங்கே பார்த்தாலும் பதாகை கட்டினார்கள். எனக்கு அந்தப் பட்டத்தின் அர்த்தம் பதாகையில் புரியவில்லை. மண் மாதிரி எடுத்துக் கொண்டுவந்து, காய வைத்து, சலித்து, இரவு ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஏன் இந்த வரிசையில் மட்டும் இலை மஞ்சளாகிறது என்று கேட்டு, பதில் கிடைக்காமல் மறுநாள் திரும்பிப் போய் இன்னொரு குழி தோண்டியபோது புரிந்தது. தோட்டத்தில் எங்கள் அப்பா ஐம்பது முறை பார்த்திருப்பார் அந்த மஞ்சள் இலையை. ஏன் என்று கேட்க அவருக்கு இடம் கொடுத்ததில்லை.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் இன்னும் சமாதானமாகவில்லை. அப்போது நான் வேறு மாதிரி கேட்டேன்.

"அண்ணே, உங்க பீல்டுல ஒரு மரம் சாகப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "குருத்து விரியாம மூணு நாலு ஈட்டி மாதிரி நிக்கும். கீழ்மட்டை பாவாடை மாதிரி தொங்கிடும். அப்புறம் அடிமரத்துல காளான் வரும், மேல பளபளன்னு செவப்பா, ஓரத்துல வெள்ளையா. காளான் வந்துட்டா அவ்வளவுதான், ஒரு காத்துக்கு விழுந்துடும்."

நான் உள்ளே போய் என் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். பதினெட்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கானோடெர்மா, அடித்தண்டு அழுகல் என்ற தலைப்பு. அதன் கீழே நான் எழுதியிருந்த அறிகுறிகளை அப்படியே தமிழில் படித்துக் காட்டினேன். விரியாத குருத்துகள். தொங்கும் கீழ்மட்டைகள். அடித்தண்டில் காளான், சிவந்த பழுப்பு, வெள்ளை விளிம்பு. அண்ணன் சொன்ன வரிசையிலேயே இருந்தது. தம்பி எட்டிப் பார்த்தான். அண்ணன் நோட்டை வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கில எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இதையா நாலு வருஷம் படிக்கிறாங்க?" என்றார்.

இதிலிருந்து ஆரம்பிக்கிறாங்க அண்ணே. காளான் கண்ணுக்குத் தெரியும்போது மரம் உள்ளே பாதிக்கு மேல் அழுகியிருக்கும், காப்பாற்ற மருந்து இன்னும் இல்லை, அது தெரிவதற்கு முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, மறுநடவு செய்யும்போது பழைய அடிக்கட்டையை என்ன செய்தால் புதுக் கன்றுக்கு ஒட்டாது, எந்தக் கன்று தாங்கும், இதெல்லாம் இன்னும் முடியாத கேள்விகள். உங்கள் வீட்டுப் பையன் அந்தக் கேள்விக்குள் நுழையும்போது, பட்டணத்துப் பிள்ளை பாடப் புத்தகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இவனுக்கு மரமே தெரியும்.

இன்னொன்றையும் சொன்னேன், இதுதான் அவரை நிமிர வைத்தது என்று நினைக்கிறேன். தோட்டத்தில் பெரிய துரை, சின்ன துரை என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன துரை வேலைக்கு, அதாவது உதவி மேலாளராக, இன்றைக்குச் சேருகிறவர்கள் என்ன படித்துவிட்டு வருகிறார்கள் என்று நினைத்தீர்கள்? இதைத்தான். நம் தாத்தா பிரட்டில் பெயர் கூப்பிடுவதற்காகக் கைகட்டி நின்றாரே, எதிரே நின்றவனுடைய வேலைக்கு இன்றைக்குக் கொண்டுபோகிற படிப்பு இது. குலை வெட்டுவதற்காக யாரும் நான்கு வருஷம் பல்கலைக்கழகத்தில் படிப்பதில்லை.

இனிப்பாகவே பேசினால் பொய்யாகிவிடும், அதனால் மற்றதையும் சொன்னேன். படித்து முடித்ததும் நான் போன முதல் நேர்காணலில், பொம்பளை நீ எப்படி பீல்டுக்குப் போவாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதிலும் அப்படித்தான். எட்டு மாதம் நர்சரியில் தற்காலிக வேலை பார்த்தேன், கன்றுகளுக்குப் பை போடும் பெண்களோடு சேர்ந்து பை போட்டேன். முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் கையைக் கடிக்கும், படிப்புக்கு எடுத்த பிடிபிடிஎன் அரசாங்கக் கடனும் மாதம் தவறாமல் கழியும். தோட்டத்து உத்தியோகம் என்றால் ஒதுக்குப்புறமான பங்களா, ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் இருக்காது. இன்று நான் உர ஆலோசனை வேலையில் குளுவாங்கிலேயே இருந்துகொண்டு பல தோட்டங்களுக்குப் போய் வருகிறேன், இதற்கு வந்து சேர ஆறு வருஷம் ஆனது. ஆனால் செம்பனை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி கேமரன் மலையில் பசுமைக்குடிலில் தக்காளி, ஒருவன் விதை நிறுவனத்தில், இன்னொருவன் மீன் வளர்ப்பு. ஒருத்தி தொடர்ந்து படித்துத் தானே விரிவுரையாளர் ஆகிவிட்டாள்.

தம்பி அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போதுதான் சொன்னான், "அத்தை, நான் யுபியு விண்ணப்பத்துல முதல் இடத்துல போட்டதே இதைத்தான். அப்பாகிட்ட சொல்லலை."

அண்ணன் திரும்பி மகனைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏன்டா?" என்றார், அவ்வளவுதான்.

"நம்ம தோட்டத்துல பாதி மரம் விழுந்துடுச்சுப்பா. மறுநடவு பண்ணி பத்து வருஷம் ஆகலை, அதுக்குள்ள சாகுது. ஏன்னு நீங்களே எத்தனை தடவை கேட்டிருக்கீங்க."

பதினெட்டு வயசுப் பையன். எங்கள் பாட்டி காலத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், தோட்டத்துப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வளர்வதில்லை. தமிழ்ப்பள்ளிக்கு நடந்துபோகும் வழியிலேயே எந்த மரம் காய்க்கிறது, எந்த வரிசை காய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே வளர்கிறார்கள். பிறகு நாமே அதெல்லாம் அறிவே இல்லை, மறந்துவிடு என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தெனமாராம், கோலசிலாங்கூர் பக்கம், 1917. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தென்னமரம். மலாய்ப் பலகையில் எழுதினாலும் பெயரில் நம் ஆள் நிற்கிறான். நூறு வருஷத்துக்கு மேலாக அந்த மரத்தடியில் நிற்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மரத்தைப் பற்றிய படிப்பு கேவலமா?

இதைப் படிக்கிற அம்மா அப்பாக்கள் யாராவது இருந்தால் ஒரு உபகாரம் செய்யுங்கள். வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை செர்டாங் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது முன்னைப் போல் புடுராயாவில் அல்லாட வேண்டியதில்லை. தெற்கிலிருந்து பஸ்ஸில் போனால் பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்திலேயே இறங்கலாம், அங்கிருந்து கொம்யூட்டரில் அடுத்த நிறுத்தம் செர்டாங். 2023-லிருந்து எம்ஆர்டி ரயிலும் போகிறது, யூபிஎம் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. நிலையத்திலிருந்து வளாகம் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது, நடந்து போகலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், வெயில் சுட்டுவிடும், வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மாட்டுப் பண்ணைப் பக்கம் போங்கள். தோட்டத்துப் பக்கம் போங்கள். அங்கே வெள்ளை கோட்டும் பூட்ஸுமாக நிற்கிற பிள்ளைகளிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அண்ணன் அன்றைக்கு ஒன்றும் முடிவாகச் சொல்லாமல்தான் கிளம்பினார். கோப்பி டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார், எப்போதும் அப்படித்தான்.

நேற்றுக் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, வேலி ஓரமாக மோட்டாரை நிறுத்தினார். முதுகில் அருவாள் கழி, தலையில் துண்டு. "தங்கச்சி, பதிவு நாளுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினா சரியா இருக்கும்?" என்றார். காலை மூன்றரைக்குக் கிளம்புங்கள் என்றேன். தலையணை, போர்வை, இரண்டு வாளி, துணி காயப்போடக் கயிறு, முக்கியமாக முட்டி வரைக்கும் வருகிற பூட்ஸ் ஒரு ஜோடி, எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"பூட்ஸ் நம்மகிட்டயே இருக்கே" என்றார்.

அது பழசு அண்ணே, அவனுக்குப் புதுசு ஒன்று வாங்குங்கள் என்றேன். சனிக்கிழமை குளுவாங் டவுனுக்கு மூன்று பேருமாகப் போகிறோம்.